அடுத்த ஆகஸ்ட் வரை பணம் அனுப்ப மாட்டோம்

கண்ணம்மா,

அடுத்த ஆகஸ்ட் வரை நானும் அப்பாவும் உனக்கு ஒரு டாலர்கூட அனுப்பப் போவதில்லை. போனில் பாதி சொல்வதற்குள் நீ லேபுக்கு ஓடிவிட்டாய். அதனால் முழுசாக எழுதுகிறேன்.

நீ பல் மருத்துவம் படிக்கிற ஒஹாயோ ஸ்டேட், ஒஹாயோ மாநில அரசின் பல்கலைக்கழகம். அந்த மாநிலத்துப் பிள்ளைக்கு ஒரு கட்டணம், நியூஜெர்சியிலிருந்து போன உனக்கு வேறு கட்டணம். பல் மருத்துவத்தில் அந்த வித்தியாசம் வருடத்துக்குப் பல பத்தாயிரம் டாலர். முதல் வருடம் கட்டித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. மீதி மூன்று வருடமாவது ஒஹாயோவாசி என்ற கணக்கில் நீ படிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அதற்கான விதியைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். தொடர்ந்து 12 மாதம் ஒஹாயோவில் குடியிருந்திருக்க வேண்டும். அதோடு, அந்த 12 மாதத்தில் ஒஹாயோவாசி அல்லாத யாரிடமிருந்தும் நேரடியாகவோ மறைமுகமாகவோ பண உதவி வாங்கியிருக்கக் கூடாது. குடியிருப்பது சுலபம். நம் வீட்டுப் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இரண்டாவதில்தான். பெற்றவர்களுக்குக் கை சும்மா இருக்காதே! மளிகைக்கு இருநூறு, ஸ்வெட்டருக்கு நூறு என்று போட்டுக்கொண்டே இருப்போம். விண்ணப்பத்தோடு பேங்க் ஸ்டேட்மெண்ட் கேட்கும்போது அத்தனையும் வரிசையாக நிற்கும்.

சிகாகோ அத்தை தீபாவளிக்கு உனக்குப் பணம் அனுப்புகிறேன் என்றார். வேண்டாம் அக்கா, படிப்பை முடிக்கட்டும், அப்புறம் நகையாகவே போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு. என் கிரெடிட் கார்டு கணக்கில் உன் பேரில் ஒரு கார்டு இருக்கிறதே, அதை நறுக்கிப் போட்டுவிடு. போன் பில்லை உன் கணக்குக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். அது பண உதவியா இல்லையா என்று நாளைக்கு யாரோடும் வாதாட வேண்டாம். இந்த வருட வரிக் கணக்கிலும் உன்னை எங்களைச் சார்ந்தவளாகக் காட்ட மாட்டோம்.

இங்கே ஒருவர், ரொக்கமாகக் கையில் கொடுத்தனுப்புங்கள், யாருக்குத் தெரியப் போகிறது என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடப்போவது நீ. நாளைக்குப் பல் மருத்துவர் லைசென்ஸ் வாங்கிப் பிழைக்க வேண்டியவளும் நீ. அந்தப் பேச்சே நமக்கு வேண்டாம்.

செலவுக்கு உன் பேரில் இருக்கிற கடன் போதும். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு, மேற்படிப்புக்கு மத்திய அரசு கொடுத்துவந்த கிராட் பிளஸ் கடனே கிடையாது. பல் மருத்துவம் மாதிரிப் படிப்புக்கு மத்திய அரசுக் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு வைத்துவிட்டார்கள். நீ 2025-லேயே சேர்ந்து கடனும் வாங்கிவிட்டதால் தப்பித்தாய். உனக்குப் பின்னால் வருகிற பிள்ளைகளை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

ஊருக்கு ஊர் விதி வேறு. டெக்சஸில் 1,000 டாலருக்குக் குறையாத போட்டி உதவித்தொகை ஒன்று கிடைத்தால், வெளிமாநிலப் பிள்ளைக்கும் உள்ளூர்க் கட்டணம் கிடைக்க வழியிருக்கிறது. அதனால் வேறு மாநிலத்தில் படிக்கும் சிநேகிதிகள் சொல்வதைக் கேட்டு எதையும் செய்யாதே. யார் ஒஹாயோவாசி என்று முடிவு செய்கிற உன் பல்கலைக்கழக ரெசிடென்சி அலுவலகத்துக்கே ஈமெயில் போட்டுக் கேள், பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்.

டிரைவிங் லைசென்ஸ், வண்டிப் பதிவு, ஓட்டர் பதிவு மூன்றும் ஒஹாயோவுக்கு மாறிவிட்டனவா? வீட்டு வாடகை லீஸில் உன் பேர் சரியாக இருக்கிறதா? கோடை விடுமுறைக்கும் கொலம்பஸிலேயே இரு. நாங்கள் அங்கே வருகிறோம். எனக்கு இது கஷ்டம்தான். பிளாஸ்டிக் பல்லைக் குடைந்து குடைந்து மணிக்கட்டு வலிக்கிறது என்று நீ சொன்ன அன்றைக்கு, ஒரு வேளைச் சாப்பாடாவது ஆர்டர் பண்ணி அனுப்ப மாட்டோமா என்று மனசு அடித்துக்கொண்டது. பிடித்துவைத்துக்கொண்டேன்.

லீஸ் நகலை ஞாயிற்றுக்கிழமைக்குள் அப்பாவுக்கு அனுப்பு. அவர் ஒரு தடவை பார்த்துவிடட்டும்.

அன்புடன்,
அம்மா