இருபத்தோரு இலக்க எண் ஒன்று

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடு. இங்கே எல்லோரும் சுகம்.

ஒரு வாரமாக ஓர் எண் என்னைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. அறுபத்தேழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது: 147573952589676412927. பிரான்ஸில் மெர்சென் என்ற துறவி 1644இல் இதைப் பகா எண்களின் பட்டியலில் சேர்த்தார். அது சரியாக இருந்திருந்தால், பழைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் காட்டிய வழியில் இதிலிருந்து ஒரு நிறைவெண் பிறந்திருக்கும். 6, 28 மாதிரி, தன்னைவிடச் சிறிய வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் எண்.

1876இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் எடுவார் லூக்கா இது பகா எண் இல்லை என்று நிரூபித்துவிட்டார். ஆனால் எதால் வகுபடும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை! வகுத்தியைத் தேடாமலே, மீதிகளை வைத்தே கண்டுபிடித்தார். பூட்டிய வீட்டுக்குள் ஆள் இருப்பது உறுதி, யாரென்றுதான் தெரியாது. எனக்கு இதைவிடப் பெரிய ஆச்சரியம் இல்லை. இருபத்தேழு வருஷம் அப்படியே கிடந்தது.

1903 அக்டோபரில் நியூயார்க்கில் கணித அறிஞர்களின் கூட்டம். பிராங்க் நெல்சன் கோல் கரும்பலகைக்குப் போய், வாய் திறக்காமல் 2இன் அடுக்கைப் போட்டு ஒன்றைக் கழித்தார். பக்கத்தில் 193707721ஐ 761838257287ஆல் பெருக்கினார். இரண்டு விடையும் ஒரே எண். பேசாமல் போய் உட்கார்ந்தார், அரங்கம் கைதட்டியது என்பார்கள். மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குப் போனதாம்.

நானும் கையால் போட்டுப் பார்த்தேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, கட்டம் போட்ட நோட்டில், எட்டு வரிசை. சின்ன எண்ணில் 7 மூன்று இடத்தில் வருகிறது. அதனால் 5332867801009 என்பதையே மூன்று தடவை இடம் தள்ளித் தள்ளி எழுதினேன். கூட்டியதும் மேலே எழுதிய அதே இருபத்தோரு இலக்கம் வந்து நின்றது. அப்புறம் ஒன்பதை நீக்கியும், அதாவது 9ஆல் வகுத்த மீதியை வைத்தும், சரிபார்த்தேன்: இரண்டு எண்ணுக்கும் மீதி 1, விடைக்கும் 1. அந்த நிமிஷம் கோல் பக்கத்தில் நிற்பது போலிருந்தது முருகேசா.

கோலின் இரண்டு எண்ணும் பகா எண்கள். வேறு பிளவே இல்லை. 1ஐயும் சேர்த்து இவற்றைக் கூட்டினால் 762031965009தான், வெறும் பன்னிரண்டு இலக்கம். ஆக இது குறைவெண், அதாவது வகுத்திகளின் கூட்டு தன்னைவிடக் குறைந்த எண். இன்னொன்று: இந்தப் பகா எண்கள் இரண்டையும் 67ஆல் வகுத்தால் மீதி 1தான் வரும். இந்த வகை எண்களின் வகுத்திகளுக்கு அது கட்டாயம். அதனால் தேட வேண்டியது நிறையக் குறையும், அப்படியும் அத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்!

உன் பேத்தி எட்டாவதுதானே? அவளிடம் 2047ஐக் கொடு. பதினொரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழித்தது. 11ஆல் வகுத்தால் 1 மீதி வரும் எண்களை மட்டும் பார்த்தால் போதும் என்று சொல், 23லேயே பிடித்துவிடுவாள். என்ன சொன்னாள் என்று எழுது.

அன்புடன்,
சுந்தரம்