சன் டொட்டன்ஹாமை விட்டுப் போன கிழமையில்

யாழ்ப்பாணம்
09.08.2025

மச்சான்,

உன் மெசேஜை மூன்று தரம் வாசித்தேன். இந்த வருஷம் லீக்கில் நான் இல்லை, நீங்கள் விளையாடுங்கோ என்று ஒற்றை வரி. இங்கிலாந்துப் பிரீமியர் லீக் கால்பந்து வீரர்களை எங்கள் அணியாகத் தெரிவு செய்து, அவர்கள் நிஜ ஆட்டத்தில் செய்வதற்குப் புள்ளி சேர்க்கிற எங்கள் லீக்கை நீ விடுகிறாய். உடனே ஃபோன் எடுத்திருக்கலாம், ஆனால் ஃபோனில் என்றால் இரண்டு பேரும் பகிடியிலேயே நேரத்தைப் போக்கிவிடுவோம், சொல்ல வேண்டியது வாயில் வராது. அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். இந்தக் கிழமைதான் கொரிய வீரன் சன் ஹியூங்-மின் பத்து வருஷம் விளையாடிய லண்டன் கிளப் டொட்டன்ஹாமை விட்டு லொஸ் ஏஞ்சலீசுக்குப் போனான். செய்தியைப் பார்த்தவுடன் எனக்கு 2022 ஏப்ரல்தான் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி உன்னிடம் ஒரு நாளும் ஒழுங்காகக் கதைத்ததில்லை.

முதலில் ஊர்ப் புதினம். இன்று நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் பன்னிரண்டாம் திருவிழா, முந்தாநாள் மஞ்சத் திருவிழா முடிந்தது. வெளிநாட்டுச் சனம் நிறைய வந்திருக்கிறது, பின்னேரத்தில் வெளிவீதியில் கால் வைக்க இடமில்லை. எங்கள் மைதானத்தில் பொடியன்கள் வழமைபோல விளையாடுகிறார்கள். அதில் ஒருவன் அச்சு அசல் உன்னைப் போல, பந்து எப்படி வந்தாலும் வலது காலுக்கு மாற்றாமல் அடிக்கவே மாட்டான். மதிலில் இருந்து இருட்டும்வரை பார்த்தேன்.

சரி, லீக் கதைக்கு வருகிறேன். 2004இல், சமாதான காலத்தில், உயர்தரம் படித்துக்கொண்டிருந்த ஐந்து பேர் ஒரு கொப்பியை நடுவில் வைத்துச் சீட்டுக் குலுக்கிப் பிரீமியர் லீக் வீரர்களைப் பங்கு போட்டுக்கொண்டோமே, எனக்கு எங்கள் லீக் அன்றைக்குத்தான் தொடங்கியது. ஒருவன் எடுத்த வீரனை மற்றவன் எடுக்க முடியாது. சனிக்கிழமை இரவு பீபீசியின் ஆங்கிலச் சேவையில் கோல் விபரம் கேட்டு எழுதுவது, விட்டுப்போனதைப் பிறகு பேப்பரில் பார்த்துத் திருத்துவது. உனக்குச் சீட்டில் தியரி ஆன்ரி விழுந்தான், அந்தப் பருவத்தில் அவன் 25 கோல். எனக்கு விழுந்தது செல்சியின் தடுப்பு வீரன் ஜோன் டெரியும் கோல்காப்பாளர் பெட்ர் செக்கும். 38 ஆட்டத்திலும் சேர்த்துச் செல்சி வாங்கியதே 15 கோல்தான். கோல் விழாமல் காத்தவனுக்குப் புள்ளி தர வேண்டும் என்று நான், கோல் அடிக்காதவனுக்கு என்னத்துக்குப் புள்ளி என்று நீ. தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே சைக்கிளைப் பிடித்தபடி எத்தனை நாள் நின்று சண்டை பிடித்தோம்! நீ கோல் அடிக்கிற ஃபோர்வேட், நான் கோலைத் தடுக்கிற பாக். மைதானத்தில் எந்த இடத்தில் நின்றோமோ அந்த இடத்தில் நின்றுதான் இன்றுவரை இரண்டு பேரும் அணி தெரிவு செய்கிறோம்.

அந்தக் கொப்பி இப்போது டொராண்டோவில், எங்கள் ஐந்து பேரில் ஒருவனிடம் இருக்கிறது, போன மாதம் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினான். 2006 ஆகஸ்ட். புதுப் பருவத்துக்குக் குலுக்கி எல்லாப் பெயரும் எழுதி வைத்திருந்தோம். 11ஆம் திகதி மீண்டும் சண்டை தொடங்கி, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டது, ஊரடங்கு வந்தது, 19ஆம் திகதி பருவம் தொடங்கியபோது கோல் கணக்குக் கேட்க ஒருவருக்கும் மனம் இல்லை. பெயர்கள் மட்டும் இருக்கின்றன, பக்கத்தில் புள்ளி எழுதும் கட்டங்கள் வெறுமையாக. அடுத்த வருஷம் நீ கப்பலில் திருகோணமலைக்குப் போனாய். பிறகு மூன்று வருஷத்துக்கு எங்களுக்குள் சரியான தொடர்பே இல்லை. 2010இல் லண்டனில் இருந்து நீ அனுப்பிய முதல் மின்னஞ்சலில் சுகம் விசாரித்து இரண்டு வரி, அதற்குக் கீழே இணையத்தில் விளையாடும் ஃபேண்டசி பிரீமியர் லீக்கில் சேரும் கோட். 100 மில்லியனுக்கு 15 பேர், ஒரு கிளப்பில் மூன்று பேருக்கு மேல் கூடாது என்று விதிகளையும் நீயே தமிழில் எழுதியிருந்தாய். அந்த மின்னஞ்சலை நான் இன்னும் அழிக்கவில்லை.

2015-16 பருவத்தை நீ எப்போதும் சொல்லிக்கொண்டிருப்பாய், சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது. லெஸ்டரில் பெற்றோல் செட்டில் இரவு வேலை செய்துகொண்டிருந்தாய், வாற சனம் கதைக்கிறதைக் கேட்டு முதல் கிழமையிலேயே லெஸ்டர் வீரர்கள் மஹ்ரெஸை 5.5 மில்லியனுக்கும் வார்டியை 6க்கும் எடுத்தாய். அப்போது லீக்கில் இருந்த நாங்கள் மற்ற ஆறு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மஹ்ரெஸ் 17 கோல், வார்டி 24, அதுவும் தொடர்ந்து 11 ஆட்டத்தில் அடித்தான். ஜனவரியில் நாங்கள் மஹ்ரெஸை வாங்கப் போகும்போது விலையும் ஏறிவிட்டது, நீயும் எட்டாத் தூரத்துக்குப் போய்விட்டாய். எங்கள் லீக்கில் ஒருவன் விளையாடிய மிகச் சிறந்த பருவம் அதுதான், என்னுடைய நான்கு வெற்றியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இனி 2022. மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது உனக்குத் தெரியும். ஏப்ரல் 8, வெள்ளிக்கிழமை, நான் பெற்றோல் வரிசையில் மத்தியானத்தில் இருந்து நிற்கிறேன், ஃபோனில் சார்ஜ் ஐந்து வீதம். அன்று வெள்ளி ஆட்டம் இருந்ததால் அணியை மாற்றக் கடைசி நேரம் எங்கள் கணக்கில் இரவு 11 மணி. அந்த நேரம் லீக்கில் நீ முதலாவது, நான் இரண்டாவது. வேறு வழியில்லாமல் உனக்கே பாஸ்வேர்டை அனுப்பி, அணியைப் பார்த்துக்கொள் என்று மட்டும் எழுதினேன். ஃபோன் செத்துவிட்டது. கப்டனாகப் போடுகிறவனின் புள்ளி இரட்டிப்பாகும். என் கப்டன் முந்திய கிழமையில் இருந்து லிவர்பூலின் சாலா, உன்னுடைய கப்டனும் சாலா. நீ ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால் நான் நன்றிதான் சொல்லியிருப்பேன், எனக்கு ஒரு நாளும் தெரிய வந்திருக்காது.

சனிக்கிழமை விடிய ஃபோனைப் போட்டால் உன் மெசேஜ் இருந்தது. "லிவர்பூல் மான்செஸ்டர் சிட்டிக்குப் போகிறது, சன் அஸ்டன் வில்லாவில் நல்லாச் செய்வான் என்று நீ செவ்வாய்க்கிழமை சொன்னாய், அதனால் உன் கப்டனை மாற்றிவிட்டேன், என்னுடையதை மாற்றவில்லை, அது உன் யோசனை." இவ்வளவும்தான். அன்றிரவு சன் மூன்று கோல் அடித்தான், டொட்டன்ஹாம் 4-0. கோலுக்கு மட்டும் 15, கப்டன் என்பதால் 30. அடுத்த நாள் சிட்டியும் லிவர்பூலும் 2-2, சாலா ஒரு கோலுக்குப் பந்து கொடுத்ததோடு சரி. மே 22இல் பருவம் முடிந்தபோது உன்னைவிட எனக்கு 11 புள்ளி அதிகம். அந்த ஒரு கப்டனை நீ மாற்றாமல் விட்டிருந்தால் அந்த வருஷம் உன்னுடையது. குரூப்பில் எல்லாரும் என்னை வாழ்த்தினார்கள், நீயும் வாழ்த்தினாய், நான் இந்தக் கதையை ஒருவருக்கும் சொல்லவில்லை. அது பிழை மச்சான். வரிசையில் நின்று நின்று மனிதர்கள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டிருந்த நாளில் நீ எனக்குச் செய்தது சின்ன விஷயம் இல்லை. இன்று காலை குரூப்பில் முழுவதையும் எழுதிப் போட்டுவிட்டேன், பார்த்திருப்பாய்.

நீ சொல்லும் காரணம் எனக்கு விளங்காமல் இல்லை. இரண்டு வேலை, பிள்ளைகளின் டியூஷன், அதோடு எல்லாரும் வீடியோ பார்த்து ஒரே அணியைப் போடுகிறார்கள் என்ற சலிப்பு. அது உண்மைதான், போன பருவம் சாலா 344 புள்ளி எடுத்தான், இதுவரை யாரும் எடுக்காத கணக்கு, ஆனால் எங்கள் ஏழு பேரிடமும் அவன் இருந்ததால் ஒருவனும் அவனால் முன்னுக்கு வரவில்லை. ஆனால் அந்தப் பதினைந்தில் இரண்டு மூன்று பெயர் எப்போதும் அவனவனுடையது. அதைப் பார்த்தே இது யாருடைய அணி என்று பெயர் இல்லாமல் நான் சொல்லிவிடுவேன். சனிக்கிழமை மூன்று மணி ஆட்டங்களை இங்கிலாந்தில் டிவியில் காட்டமாட்டார்கள், நான் இங்கே இருந்து பார்த்து உனக்குக் குரல் பதிவு அனுப்புவேன், நீ வேலையில் இருந்து ஒரு காதில் கேட்பாய். பதினைந்து வருஷத்தில் நாங்கள் அதிகம் கதைத்தது அந்த இரண்டு மணித்தியாலத்தில்தான். அம்மாவின் கண் ஒப்பரேஷனைப் பற்றி நீ எனக்குச் சொன்னதுகூட ஒரு இடைவேளையில்தான்.

இன்னொன்று, இந்த வருஷம் விதி மாறுகிறது. பந்தை வெட்டி, தடுத்து, இடைமறித்து, அடித்து வெளியேற்றி ஒரு பாக் ஒரே ஆட்டத்தில் பத்தைத் தொட்டால் இரண்டு புள்ளி. தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே நான் கேட்டது இதைத்தான், 21 வருஷம் கழித்துத் தந்திருக்கிறார்கள். கேப்ரியேல், டார்கோவ்ஸ்கி என்று என் பட்டியல் ஆயத்தம். நீ 14.5 கொடுத்து சாலாவையும் 14 கொடுத்து ஹாலண்டையும் ஒன்றாகப் போட்டு வா, பார்ப்போம். இந்தச் சண்டையை வேறு ஒருவனோடு பிடிக்க எனக்கு விருப்பமில்லை.

நேற்று உங்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா நல்ல சுகம், கண்ணாடி இல்லாமலே பேப்பர் வாசிக்கிறா. தேத்தண்ணி தந்துவிட்டு, "தம்பி, முந்தி மாம்பழக் காலத்தில ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பான் கொண்டு வருவியள், இந்த முறையும் காணேல்லை, அவன் இப்ப விளையாடுறேல்லையோ?" என்று கேட்டா. வென்றவனின் வீட்டுக்குத்தான் பெட்டி போகும் என்று அவவுக்கு இத்தனை வருஷமும் நாங்கள் சொன்னதே இல்லை. விளையாடுகிறான் அம்மா, வாற வருஷம் கொண்டு வருவேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அணி போடக் கடைசி நேரம் வெள்ளிக்கிழமை, 15ஆம் திகதி. எங்களுக்கு இரவு 11 மணி, உனக்குப் பின்னேரம் 6.30. உன் இடம் அப்படியே இருக்கிறது. வேலையால் நேரம் கிடைக்காவிட்டால் பாஸ்வேர்டை அனுப்பு, உன் அணியை நான் போட்டுவிடுகிறேன், முன்னுக்கு மூன்று பேரும் நீ சொல்வதுதான்.

அன்புடன்,
உன் பழைய பாக்