கடவுச்சொல்லில் அல்ல கோளாறு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆக்சஸ் தரவுத்தளத்தைப் பயன்படுத்தும் பழைய ஏ.எஸ்.பி. (மைக்ரோசாஃப்ட்டின் பழைய வலைப்பக்கத் தொழில்நுட்பம்) தளங்களை 64 பிட் விண்டோஸ் சர்வருக்கு மாற்றியதும் 'புரொவைடரைக் காணவில்லை' என்று பிழை வரும். புரொவைடர் என்பது தளத்தைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் இடைநிலை மென்பொருள். பலர் கடவுச்சொல்லைத்தான் மாற்றிப் பார்க்கிறார்கள்; பயனில்லை. ஆக்சஸ் தரவுத்தளமான எம்.டி.பி. கோப்பைத் திறக்கும் ஜெட் 4.0 புரொவைடர் 32 பிட்டில் மட்டுமே உண்டு. விண்டோஸின் வலைச் சர்வர் மென்பொருளான ஐ.ஐ.எஸ்.ஸின் மேலாளரில், அந்தத் தளத்தை இயக்கும் அப்ளிகேஷன் பூலுக்குரிய அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் 'எனேபிள் 32-பிட் அப்ளிகேஷன்ஸ்' என்பதை 'ட்ரூ' ஆக்கி, பூலை ரீசைக்கிள் செய்யுங்கள், அதாவது மீண்டும் தொடங்கச் செய்யுங்கள்.

தரவுத்தளத்தைப் படிக்க முடிந்தும் அதில் எழுத முடியாவிட்டால் கோப்பு அனுமதியைப் பாருங்கள். ஜெட் அதே ஃபோல்டரில் எல்.டி.பி. என்ற பூட்டுக் கோப்பை உருவாக்கும். ஆகவே தளம் இயங்கும் கணக்குக்கு, வழக்கமாக ஐ.யூ.எஸ்.ஆர். (பெயர் சொல்லாமல் வரும் பார்வையாளருக்கான ஐ.ஐ.எஸ். கணக்கு), கோப்பில் மட்டுமல்ல, ஃபோல்டரிலும் 'மாடிஃபை' (மாற்றும்) உரிமை வேண்டும். அவசரத்தில் 'எவ்ரிஒன்' என்று எல்லாருக்கும் திறந்துவிடாதீர்கள். அந்த ஃபோல்டரும் தளத்தின் ரூட்டுக்கு (வலையில் தெரியும் முதன்மை ஃபோல்டருக்கு) வெளியே இருக்கட்டும். உள்ளே இருந்தால் அந்நியர் ஏற்றும் நிரல் அங்கிருந்தே ஓடக்கூடும்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புப் பணியாளர்கள்