ஈறில் ரத்தம் வருவது சூட்டினால் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோய் என்றதும் கண், சிறுநீரகம், கால் என்று எல்லோரும் எச்சரிக்கிறார்கள். ஈறைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. என் தம்பிக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவனுக்கு 27 வயது. பொங்கலன்று கரும்பைக் கடித்துத் துப்பினான், சக்கை சிவப்பாக இருந்தது. விசாரித்தால், இரண்டு வருடமாகவே பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறதாம். உடம்புச் சூடு என்று நினைத்து இளநீர் குடித்திருக்கிறான், பேஸ்ட்டை மாற்றியிருக்கிறான். வலி இல்லை, அதனால் விட்டுவிட்டான். பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்தபோதுதான் கடைவாய்ப் பற்களைத் தாங்கும் எலும்பு கரைந்திருப்பது தெரிந்தது. போன எலும்பு தானாகத் திரும்பாது என்றார். அப்படியே சர்க்கரைப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c) 8.9 சதவீதம், அதாவது அவனுக்குச் சர்க்கரை நோய்!

சர்க்கரை கூடினால் ஈறு கிருமியை எதிர்க்கும் சக்தியை இழக்கிறது. ஈறு அழற்சி நீடித்தால் அது இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. ஈறுக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்ட சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று, நான்கு மாதங்களில் அந்தச் சராசரி சுமார் 0.4 புள்ளி குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஈறு நோய், சர்க்கரை நோயின் ஆறாவது பாதிப்பு என்று ஈறு நோய் ஆராய்ச்சியாளர் ஹரால்ட் லோ 1993-லேயே எழுதினார்.

அதே லோவின் குழு 1970 முதல் 15 ஆண்டுகள் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைப் பின்தொடர்ந்தது. தொடக்கத்தில் 480 ஆண்கள், வயது 14 முதல் 31 வரை. பிரஷ் கிடையாது, பல் வைத்தியம் கிடையாது. சொத்தைப் பல்லும் அநேகமாகக் கிடையாது. ஆனாலும் நூற்றுக்கு 11 பேருக்குத்தான் நோய் ஈறு வீக்கத்தோடு நின்றது. 8 பேருக்கு வேகமாகவும் 81 பேருக்கு மிதமாகவும் பல்லின் பிடிமானம் குறைந்துகொண்டே போனது. அந்தத் தோட்டங்களுக்குப் பல் வைத்தியம் எட்டவில்லை. என் தம்பி வேலை பார்க்கும் தெருவிலோ மூன்று பல் கிளினிக்குகள் இருக்கின்றன.

"கிளீன் பண்ணினால் பல் ஆடும்" என்று எங்கள் வீட்டிலும் தடுத்தார்கள். பல்லில் படிந்து கெட்டியான காரை பிரஷ்ஷுக்கு அசையாது, எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுத்த பிறகு பல் ஆடினால், எலும்பு ஏற்கெனவே போய்விட்டது, காரை அதை மறைத்திருந்தது என்று அர்த்தம். சிகரெட் பிடிப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். நோய் முற்றினாலும் அவர்களுக்கு ரத்தம் அவ்வளவாக வராது. மாரடைப்புக்கும் ஈறு நோய்க்கும் தொடர்பு காணப்படுகிறது, ஆனால் இதனால்தான் அது வருகிறது என்று நிரூபணமாகவில்லை. அதைச் சொல்லி யாரையும் பயமுறுத்த வேண்டாம், சர்க்கரை விஷயமே போதும்.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். நல்ல திட்டம். அவர்கள் கூடவே இரண்டு கேள்விகள் கேட்கலாம்: பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா? ஆம் என்றால் அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கட்டும். வீட்டில் இருக்கும் இளைஞர்களையும் கூப்பிட்டுக் கேட்கட்டும். சுகாதாரத் துறை இதைப் பரிசீலிக்கத் தங்கள் இதழ் வலியுறுத்த வேண்டும்.

– ஒரு வாசகி, திண்டுக்கல்