கூட்டுக்காரர் கடலோடு போராடியவர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கீழக்கரைப் பக்கம் கடலடியில் கூடு (மீன் உள்ளே போய்ச் சிக்குகிற முடைந்த கூண்டு) வைத்து மீன் பிடித்த பெரியவர் ஒருவர் காலமான செய்தியைச் சென்ற வாரம் நான்கு வரியில் போட்டிருந்தீர்கள். போட்டதற்கு நன்றி. அதில் 'சீறும் கடலோடு போராடி வாழ்ந்தவர்' என்று ஒரு வரி இருந்தது. அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம். கடல் சீறுகிற நாளில் அவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கூடு முடைந்துகொண்டிருப்பார். எழுபதைத் தாண்டியும் முழுசாக வீடு திரும்பிக்கொண்டிருந்ததற்கு அதுதான் காரணம். (வீட்டார் கேட்டுக்கொண்டதால் பெயர் எழுதவில்லை. கரையில் 'கூட்டுக்காரர்' என்றால் தெரியும்.)

நம் மாவட்டத்துக்கு இரண்டு கடல். பாக் நீரிணைப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். ஐப்பசியிலிருந்து தை வரை வாடை வீசும்போது வடகடல் கலங்கும். தென்கடல் கரையின் மறைவில் அடங்கிக் கிடக்கும். வைகாசிக்கு மேல் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பிடித்தால் எல்லாம் தலைகீழ். இரண்டு மூன்று பாகம் (ஒரு பாகம் ஆறடி) ஆழத்தில் வைத்த கூட்டைக் கச்சான் அலை புரட்டிப் பாரில், அதாவது கடலடிப் பாறையில், மோதி நொறுக்கிவிடும். அதனால் சித்திரை முடிவதற்குள் தம் கூடுகள் எல்லாவற்றையும் கரையேற்றிவிடுவார். 'இன்னும் ஒரு வாரம் மீன் இருக்கே' என்பவர்களுக்கு அவர் பதில் சொன்னதில்லை. வாடைக் காலத்திலும் பாம்பனில் புயல் கூண்டு ஏறிவிட்டால் என்ன எண் என்று கேட்கக்கூட மாட்டார்; படகை இன்னும் பத்தடி மேலே இழுத்துப் போடுவார்.

கூட்டுக்கு உடைமர விளார், கட்டுக்குப் பனைநார். விளாரை வெட்டிய அன்றே வளைக்க வேண்டும். இரண்டு நாள் வெயில் பட்டால் வளைக்கும்போது முறியும். அவர் கூடு நாலடி நீளம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி உயரம். கண் இரண்டு விரல் நுழைகிற அளவு. அதைவிடச் சிறிதாக முடைந்தால் குஞ்சு கலவா மீன் எல்லாம் உள்ளே நின்றுவிடும். விற்கவும் முடியாது, விட்டாலும் பாதி பிழைக்காது. சூட்சுமம் எல்லாம் மீன் நுழைகிற வழியான தொண்டையில்தான் இருக்கிறது. வெளியே அகலமாகத் தொடங்கி உள்ளே போகப்போக ஒடுங்கி, கடைசியில் விளார் நுனிகள் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்து முடிய வேண்டும். உள்ளே வந்த மீன் கூட்டின் ஓரமாகத்தான் சுற்றும். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கிற தொண்டை நுனி அதன் வழியில் படாது. தொண்டையைக் குட்டையாக முடைந்தால் வந்த வழியே போய்விடும். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களின் கூடு வெறுமையாக ஏறுவது பெரும்பாலும் இதனால்தான்.

இரை மீனைப் பொறுத்தது. கலவாவுக்கு நண்டும் சிப்பியும் நசுக்கி, பழைய வலைத்துண்டில் பொட்டலம் கட்டி உள்ளே தொங்கவிடுவார். ஓரா தழை தின்னி, அதற்குப் பாசி போதும். கூட்டின் வாய், நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். இரையின் வாசம் ஓட்டத்தோடு போகும், மீன் அதைப் பிடித்துக்கொண்டு எதிர்நீச்சலில் வரும், நேரே வாயில் முட்டும். மாற்றி வைத்தால் மீன் பின்பக்கம் வந்து மோதி நிற்கும், மிதந்து வரும் பாசி தொண்டையை அடைத்துக்கொள்ளும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் பலம் என்பதால் அந்த நாட்களில் கூட்டுக்கு இரண்டு கல் கூடுதல். கல்லைக் கரையிலிருந்தே ஏற்றிப் போவார். பாரை உடைத்துக் கல் எடுக்கிற பழக்கம் அவரிடம் இல்லை.

மிதவை போட்டால் கூடு களவு போகும். அதனால் கரைக்குறிதான். முன்னே ஒரு பனை, வெகு பின்னே பள்ளிவாசல் மினார், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் ஒரு கோடு. பக்கவாட்டில் இன்னொரு ஜோடி பார்த்தால் இரண்டாவது கோடு. இரண்டும் வெட்டுமிடத்தில் கூடு. முன்குறியும் பின்குறியும் அருகருகே இருக்கக் கூடாது. இருந்தால் படகு நகர்ந்தாலும் நகர்ந்தது தெரியாது. இரண்டு கோடும் கூடியவரை செங்குத்தாக வெட்ட வேண்டும். பனையை யாராவது வெட்டிவிட்டால் குறி போயிற்று என்பதால் ஒவ்வோர் இடத்துக்கும் மூன்றாவது குறி ஒன்று மனதில் வைத்திருப்பார். மகன் ஜி.பி.எஸ். கருவி வாங்கிக் கொடுத்தபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கருவி நாலைந்து மீட்டர் தள்ளிக் காட்டும். கலங்கல் தண்ணீரில் அது கூட்டைத் தவறவிடப் போதும்.

கூடு தூக்க முங்கித்தான் ஆக வேண்டும். இதில் அவர் மிகக் கறார். ஒருவர் இறங்கினால் ஒருவர் படகில் கண்ணெடுக்காமல் இருக்க வேண்டும். சளி பிடித்தவருக்கு அன்று தண்ணீர் கிடையாது. காது அடைத்தால் உடனே மேலே. எல்லாவற்றுக்கும் மேல், இறங்குமுன் மூச்சை வேகவேகமாக இழுத்து விடக் கூடாது. பையன்கள் அப்படிச் செய்தால் அதிக நேரம் தாங்கலாம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் பிராணவாயு அதனால் கூடுவதில்லை, கரியமிலவாயுதான் குறைகிறது. மூச்சு முட்டுகிற உணர்வைத் தருவதே கரியமிலவாயு. அது குறைந்தால் முட்டாமலே பிராணவாயு தீர்ந்து, மேலே வருகிற கடைசி ஒரு பாகத்தில் நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படிப் போகிறார்கள். இதை இளைஞர்கள் படிக்கும்படி உங்கள் பத்திரிகை ஒருமுறை தனியாகவே போட வேண்டும்.

இப்போது விளார்க் கூடு குறைந்து கம்பிக் கூடு பெருகிவிட்டது. கம்பி நாள்பட உழைக்கும். தொல்லையும் அதுதான். தொலைந்த கூடு கடலடியில் மீன் பிடித்துக்கொண்டே இருக்கும். உள்ளே செத்த மீனே அடுத்த மீனுக்கு இரையாகும். கூட்டுக்காரர் கம்பிக் கூட்டுக்கும் கதவைப் பனைநாரால்தான் கட்டினார். தொலைந்துபோனால் நார் நாளடைவில் இற்றுக் கதவு திறந்துகொள்ளும். ஒவ்வொரு தடவையும் கட்டைச் சோதித்து மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் கேலி செய்தவர்கள் உண்டு. 1986-இல் இருபத்தொரு தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவான பிறகு தீவை ஒட்டிய பார்களை விட்டு விலகிக்கொண்டார். நல்ல இடங்கள் போனதில் வருத்தம் இருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. 2001-இல் கடல் அட்டைக்குத் தடை வந்தபின் கூட்டில் தவறி ஏறியதையும் அங்கேயே திரும்பப் போட்டார்.

கலவா ஏலத்துக்கு, ஓரா வீட்டுக்கு. ஓரா முள்ளில் விஷம். மீன் செத்தபிறகும் விஷம் போகாது. முதுகில் 13, அடியில் 7, வயிற்றுத் துடுப்புக்கு இரண்டாக 4. இருபத்துநாலு முள்ளையும் கரையிலேயே கத்தரியால் நறுக்கி, எண்ணிப் பார்த்துத்தான் கூடையில் போடுவார். வீட்டில் மீன் ஆய்வது சின்னப் பிள்ளைகள். குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டு வெந்நீரில் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் கையை வைத்திருக்க வேண்டும், சூட்டில் அந்த விஷம் கெடும். வெந்நீரை முதலில் குத்தாத கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், வலிக்கிற கைக்குச் சூடு தெரியாமல் வெந்துபோகும். வலி குறையாவிட்டாலோ வீக்கம் ஏறினாலோ ஆஸ்பத்திரிதான்.

மூன்று மகள்களுக்கும் மகனுக்கும் முடையக் கற்றுக்கொடுத்தார். தொண்டை கைகூடியது மூத்த மகளுக்கு மட்டும். அவர் இப்போதும் முடைகிறார். கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் கச்சான் காலத்தில் வரலாம். வாடை தொடங்கிவிட்டால் அவருக்கு நேரமிருக்காது.

இப்படிக்கு,
கூடு மீன்பிடித் தொழிலாளர்கள் சிலர்,
கீழக்கரை வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்