கரி எடுப்பதற்கு முன்: பழைய வண்டி வைத்திருப்போருக்கு எங்கள் பட்டறையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு அம்பாசடரின் ஹெட்டை (இன்ஜினின் மேல்மூடி) இறக்கி, உள்ளே எரிந்து படிந்த கரியை எடுத்து, திரும்ப மாட்டுவதற்குத் தயாராக வைத்திருந்தோம். சொந்தக்காரர் எட்டிப் பார்த்தார். பிஸ்டனின் நடுப்பகுதி பளிச்சென்று இருந்தது. ஓரத்தில் மட்டும் வளையல் போட்ட மாதிரி கறுப்பு. "ஏங்க, சுரண்டறதுதான் சுரண்டறீங்க, ஓரத்தையும் சேர்த்துச் சுரண்டி இருக்கலாமில்லீங்களா?" என்றார். நியாயமான கேள்விதான். அவருக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் வாங்கி வைத்த டீ ஆறிவிட்டது. இதே கேள்வி இன்னும் பல பேருக்கு இருக்கும் என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறோம்.

அந்த வளையத்தை வேண்டுமென்றேதான் விட்டோம். ஐம்பது அறுபது வயதான இன்ஜினில் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள் தேய்ந்திருக்கும். பிஸ்டனுக்கும் போருக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் துளை) நடுவே இடைவெளி கூடியிருக்கும். அந்த ஓரத்துக் கரி எண்ணெய் மேலேறாமல் ஓரளவு அடைத்துக்கொண்டிருக்கிறது. அதையும் துடைத்து எடுத்தால், கரி எடுத்த அடுத்த வாரமே வண்டி எண்ணெய் குடிக்கத் தொடங்கும், நீலப்புகை விடும். அந்தக் காலத்துக் கம்பெனி கையேடுகளிலேயே இதைச் சொல்லியிருப்பார்கள். நாங்கள் பழைய ரிங் ஒன்றைப் போருக்குள் பிஸ்டன் மேல் உட்கார வைத்து, அதற்கு உட்பக்கம் மட்டும் சுரண்டுகிறோம். புது ரிங் போடும் வேலையும் சேர்ந்து நடந்தால் கதை வேறு. அப்போது துளி கரியும் மிச்சம் வைக்க மாட்டோம்.

இனி விஷயத்துக்கு வருகிறோம். இனிமேல் "கரி மட்டும் எடுத்துக் கொடுங்க" என்று வண்டியை விட்டுச் சென்றால் உடனே ஹெட்டை இறக்க மாட்டோம். முதலில் சோதனை. கரி ஏன் சேர்ந்தது என்று தெரிந்த பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுப்போம். சோதனைக் கூலி தனி. வேலை எங்களிடமே நடந்தால் அதை மொத்த பில்லில் கழித்துவிடுவோம். சிலருக்கு இது காசு பிடுங்கும் வழியாகத் தோன்றலாம். ஆனால் காரணத்தை விட்டுவிட்டுக் கரியை மட்டும் எடுத்து அனுப்பிய வண்டிகள் ஒன்றரை வருடத்தில் அதே கறுப்போடு திரும்பி வந்ததைப் பார்த்துச் சலித்துத்தான் இந்த முடிவு.

கரி கெடுதல் செய்யும் விதத்தை ஒரு கணக்கில் சொல்லிவிடலாம். அம்பாசடரின் பழைய பெட்ரோல் இன்ஜின் 1,489 சிசி. நாலு சிலிண்டருக்கும் பிரித்தால் ஒன்றுக்கு ஏறத்தாழ 372 சிசி. அழுத்த விகிதம், அதாவது உள்ளே வந்த காற்று எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பது, 7.2 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 60 சிசிதான், டீக்கடைக் கிளாஸில் பாதிக்கும் கொஞ்சம் கூட. அதில் 3 சிசி அளவுக்குக் கரி ஒட்டினால் விகிதம் 7.5ஐத் தாண்டும். அதோடு போகாது. கரி சூட்டை வெளியே விடாது. எங்காவது ஒரு துணுக்கு கங்கு போல் சிவந்து நின்றால், பிளக் பொறி விடுவதற்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். மூன்றாவது கியரில் மேடேறும்போது சில்லறையைக் குலுக்குவது போல் வரும் கிணுகிணு சத்தம் பெரும்பாலும் இதுதான். சாவியைத் திருப்பி நிறுத்திய பிறகும் வண்டி குலுங்கிக் குலுங்கி ஓடுவதும் இதனால்தான். ஆனால் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) முன்னே போயிருந்தாலும் கிணுகிணுக்கும், ஐடில் வேகத்தைக் கூட்டி வைத்திருந்தாலும் நிறுத்திய பிறகு ஓடும். அவற்றைப் பத்து நிமிடத்தில் சரிசெய்யலாம். அதற்குப் போய் ஹெட்டை இறக்குவானேன்?

நம் ஊரில் கரி சேருவதற்கென்றே ஒரு மலையும் இருக்கிறது. ஏற்காட்டு வண்டிகளை நாங்கள் பிளக்கைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவோம். சேலத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் மேலே போகும்போது காற்றின் அடர்த்தி எட்டில் ஒரு பங்கு போலக் குறைகிறது. கார்புரேட்டருக்கு அது தெரியாது. கீழே வைத்த அளவிலேயே பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு, மூடுபனிக் காலையில் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்து, பாதி இழுத்தபடியே எஸ்டேட்டிலிருந்து கடைவீதிக்கு இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தினால் இன்ஜின் சூடாவதற்கே நேரமில்லை. அந்த வண்டிகளின் பிளக்கில் படிவது உலர்ந்த புகைக்கரி. மேலேயே நிரந்தரமாக இருக்கும் வண்டிக்கு, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டை ஒரு படி சிறியதாகப் போட்டுக் கொடுக்கிறோம். அதன் பிறகு கரி எடுக்கும் பேச்சே பல வருடங்களுக்கு வராது.

"ஏற்காட்டுக்கு ஒருதரம் ஏத்தி இறக்குனா கரி தானா எரிஞ்சு போயிரும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஏறும்போது பாதி உண்மை. நல்ல பாரத்தில் இன்ஜின் கொதிக்கக் கொதிக்க ஓடினால் மென்மையான புகைக்கரி எரிந்து போகும். கெட்டிப்பட்டது போகாது. இறங்கும்போது நடப்பதை யாரும் சொல்வதில்லை. இருபது கொண்டை ஊசி வளைவையும் இரண்டாவது கியரில், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்குகிறீர்கள். அப்படித்தான் இறங்கவும் வேண்டும், நியூட்ரலில் விடுவது உயிருக்கு ஆபத்து. ஆனால் அந்த நேரம் முழுக்க காற்று வழி மூடிக் கிடக்க, இன்ஜின் வெறும் வாயால் உறிஞ்சிக்கொண்டிருக்கும். வால்வு கைடு (வால்வுத் தண்டு ஓடும் குழல்) தேய்ந்து, வால்வுத் தண்டில் இருக்கும் சின்ன ரப்பர் வளையமும் காய்ந்து போயிருந்தால், வால்வை அழுத்தும் ராக்கர் பக்கத்து எண்ணெய் அந்த வழியாகச் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். அடிவாரத்தில் மறுபடி மிதித்ததும் பின்னால் குப்பென்று ஒரு நீலப்புகை வந்தால் குற்றவாளி கைடுதான். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். பின் கண்ணாடி போதும்.

நீலப்புகை வண்டியில் படிவது பிசுபிசுப்பான எண்ணெய்க் கரி. கைடை மாற்றாமல் அதைச் சுரண்டுவது, ஒழுகும் கூரை ஓட்டை மாற்றாமல் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பது மாதிரி.

சோதனையில் நாங்கள் செய்வது அதிகமில்லை. சூடான இன்ஜினில் பிளக்கெல்லாம் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துச் சுற்றவிட்டு, ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தம் பார்ப்போம். ஒன்றில் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பார்ப்போம். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. நாலும் கையேட்டில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டினால் அப்போதுதான் கரி என்று நம்புவோம்.

இன்னொன்று. கார்புரேட்டர் வாயில் தண்ணீர் தெளித்துக் கரி எடுக்கும் பழைய வித்தையைத் தயவுசெய்து செய்யச் சொல்லாதீர்கள். தண்ணீர் அமுங்காது. அளவு தப்பினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பெட்ரோலில் கலக்கும் திரவங்கள் ஜெட்டையும் வழியையும் கொஞ்சம் சுத்தமாக்கும், அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் கரி எடுக்கும் மெஷின் எங்களிடம் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை.

ஹெட்டை இறக்கும் வேலையில் நாங்களும் அடிபட்டுத்தான் கற்றோம். அம்பாசடர் ஹெட் வார்ப்பிரும்பு. பிரீமியர் பத்மினி காரின் ஹெட் அலுமினியம். பல வருடத்துக்கு முன் புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு பத்மினி ஹெட்டை, இரும்பு ஹெட் என்று நினைத்துக் காஸ்டிக் சோடாத் தொட்டியில் போட்டுவிட்டான். நுரை பொங்கிக்கொண்டு வந்தபோதுதான் ஓடினோம். அலுமினியத்தைக் காஸ்டிக் தின்றுவிடும். வேறு ஹெட் தேடி எங்கள் செலவில் போட்டுக் கொடுத்தோம். அன்றோடு தொட்டியைத் தூக்கிவிட்டோம். இப்போது மரக்கட்டை, பித்தளைத் தகடு, மண்ணெண்ணெய், பொறுமை. ஸ்குரூ டிரைவரால் சுரண்டுபவரைப் பட்டறைக்குள் விடுவதில்லை. இரண்டு பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, மற்ற இரண்டு போரிலும் துணி அடைத்து, பிஸ்டன் ஓரத்தில் கிரீஸ் பூசி, விழும் துகளை அதிலேயே பிடித்து எடுப்போம். ஒரு துணுக்கு உள்ளே போனாலும் உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்தது போல் போர் கீறிவிடும்.

இதற்கு நாலு நாள் ஆகும். கரிக்கு ஒரு நாள் போதும். மிச்சம் வால்வுக்கு. வால்வை அதன் இருக்கையில் பேஸ்ட் போட்டுத் தேய்த்து, சுற்றிலும் ஒரே அகலத்தில் சாம்பல் நிறப் பட்டை வந்ததும், போர்ட்டில் (வால்வுக்குப் பின்னால் உள்ள வழி) பெட்ரோல் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். ஹெட் கோணியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேஸ்கட் எப்போதும் புதிது. வால்வை இயக்கும் புஷ் ராடுகளை அட்டையில் எண் போட்டுக் குத்தி வைப்போம், எது எங்கிருந்ததோ அங்கேயே போகும். டேப்பட் இடைவெளி (ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே விடும் இடம்) அம்பாசடருக்கு 0.015 அங்குலம். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி கொண்டுவர வேண்டும், ஹெட் நட்டையும் டேப்பட்டையும் ஒருமுறை பார்க்காமல் அந்த வேலை முடிந்ததாக நாங்கள் கணக்கில் வைப்பதில்லை. இதற்குத் தனிக் கூலி கிடையாது, ஆனாலும் பாதிப் பேர் வருவதில்லை.

ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க 2000 பிப்ரவரியோடு நின்றுவிட்டது. ஈயம் படிந்த கரி இப்போது வருவதில்லை, அது நல்லது. ஆனால் இரும்பு ஹெட்டில் எக்சாஸ்ட் வால்வின் இருக்கைக்கு அந்த ஈயம்தான் மெத்தையாக இருந்தது. நீண்ட தூரம் ஓட்டுபவர்கள், ஹெட் இறங்கும்போதே லேத்தில் கொடுத்துக் கடினமான சீட் போட்டுக்கொள்ளுங்கள். 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் குழாயும் பம்ப் டயாஃபிரமும் தாங்காது. அதையும் அப்போதே மாற்றிவிடலாம்.

கோடை விழாவுக்கு மலையேற வேண்டும் என்று ஏப்ரல் கடைசியில்தான் எல்லோரும் வருகிறீர்கள். மார்ச்சுக்குள் சொல்லிவிட்டால் அவசரமில்லாமல் செய்வோம். சோதனைக்கு விடும்போது முந்தைய நாள் சாயங்காலமே வண்டியை நிறுத்திவிட்டுப் போங்கள். காலையில் குளிர்ந்த இன்ஜினை நாங்களே ஸ்டார்ட் செய்து முதல் புகையைப் பார்க்க வேண்டும். வருவதற்கு முன் பிளக்கைக் கழுவவோ, தேய்க்கவோ, புதிது மாற்றவோ வேண்டாம். மாற்றிவிட்டிருந்தால் பழைய நாலையும் எது எந்தச் சிலிண்டர் என்று எழுதி ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
பட்டறையார்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.