ரவிக்கு: எந்த மேக்கில் லினக்ஸ் போடலாம்

அன்புள்ள ரவி,

கடிதம் கிடைத்தது. மீனா கணினி அறிவியலில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது, அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மறுபடி பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார். அக்கா மகன் வேலையில் சேர்ந்துவிட்டான், அவன் படித்து முடித்ததே நான் கொடுத்த 2012 மேக்புக் ப்ரோவில் லினக்ஸ் மின்ட் (லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் ஒரு வடிவம்) போட்டுத்தான். அதில் ரேமை 16 ஜிபி வரை ஏற்றலாம், பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டலாம். ஸ்க்ரூ கழற்றி ரேமை மாற்ற முடிந்த கடைசி மேக் லேப்டாப் அதுதான். இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உன் 2013 மேக்புக் ஏரைத் தூக்கிப் போடுவதா, லினக்ஸ் போடுவதா; மீனாவுக்கு வாங்கப்போகும் புதிய மேக்கிலும் லினக்ஸ் ஓடுமா. ஆப்பிளில் லினக்ஸ் போடுவது வேலையற்றவன் வேலை என்று உன் தம்பி சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவன் 2018-க்கும் 2020-க்கும் இடையே வந்த ஒரு மேக்கில் முயன்று பார்த்திருப்பான் என்று நினைக்கிறேன், அப்படியானால் அவன் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த வருஷங்களுக்கு முன்னால் வந்ததும் சரி, பின்னால் ஆப்பிளின் சொந்தச் சிப்போடு வந்த எம்1, எம்2-வும் சரி, கதையே வேறு. பழசு என்றால் சுலபம், புதிதாக ஆக ஆகக் கஷ்டம் என்று ஒரே கோடாகப் போகவில்லை இது. நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதில் விழாமல் இருந்தால் போதும்.

முதலில் உன் ஏர். அதற்கு மேக்ஓஎஸ் பிக் சர் வரைதான். பிக் சருக்கும் 2023 செப்டம்பரோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது, அதனால் அதை வைத்துக்கொண்டு வங்கிக் கணக்கு பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இயந்திரத்துக்கு என்ன குறை? உள்ளே இருப்பது சாதாரண இன்டெல் ஹாஸ்வெல் ப்ராசஸர், இன்டெல் கிராபிக்ஸ், லினக்ஸுக்கு நன்றாகப் பழகிய பாகங்கள். கீபோர்டு, டிராக்பேட், திரையின் வெளிச்சம், சவுண்ட் எல்லாம் போட்டவுடனே வேலை செய்யும். பென்டிரைவில் மின்ட் ஐஎஸ்ஓ-வை (இன்ஸ்டால் செய்யும் கோப்பை) எழுதிச் செருகி, ஆன் செய்யும்போதே ஆப்ஷன் கீயை அழுத்திப் பிடித்துக்கொள், ‘இஎஃப்ஐ பூட்’ என்று ஒரு ஐகான் வரும், அதைத் தேர்ந்தெடுத்தால் டிஸ்கைத் தொடாமலே லினக்ஸ் திறக்கும். ஒரு சாயங்காலம் முழுக்க அப்படியே பயன்படுத்திப் பார்த்துவிட்டு அப்புறம் இன்ஸ்டால் செய்யலாம்.

ஒரே ஒரு இடத்தில் முட்டும், அது வைஃபை. உன் ஏரில் இருப்பது பிராட்காம் பிசிஎம்4360, இதற்குத் திறந்த மூலத்தில் டிரைவர் கிடையாது, பிராட்காமே கொடுத்த ‘டபிள்யூஎல்’ என்ற மூடிய டிரைவரைத்தான் போட வேண்டும், அதைப் போட இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும். இதில் மாட்டிக்கொண்டு பல பேர் கைவிட்டுவிடுகிறார்கள். வழி சுலபம்: ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, போனில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்துவிடு, லினக்ஸ் அதை ஒரு நெட்வொர்க் கார்டாகவே எடுத்துக்கொள்ளும். பிறகு மின்ட்டில் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பிராட்காம் பெயர் தெரியும், டிக் செய்து ரீஸ்டார்ட் செய், முடிந்தது.

ஆனால் இதைக் கவனமாகப் படி. அந்த டிரைவருக்குக் கடைசியாகப் புதுப் பதிப்பு வந்தது 2015-இல். அதற்குப் பிறகு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் மாற மாற, மின்ட், டெபியன் மாதிரி லினக்ஸ் தொகுப்புகளைச் செய்யும் டிஸ்ட்ரோக்காரர்கள்தான் அதற்கு ஒட்டுப் போட்டு ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். அதனால் இந்த ஏரில் ஆர்ச் மாதிரி அடிக்கடி புதுக் கெர்னல் வரும் டிஸ்ட்ரோ வேண்டாம், ஒரு காலை அப்டேட் முடிந்து பார்த்தால் வைஃபை காணாமல் போயிருக்கும். மின்ட் அல்லது டெபியன் ஸ்டேபிள், நிதானமாக நகரும் கெர்னல், இதுதான் சரி. பழைய கெர்னல் ஒன்றை அழிக்காமல் வைத்திரு, ஏதாவது ஆனால், ஆன் செய்யும்போது வரும் க்ரப் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்துவிடலாம்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். மூடி வைத்த லேப்டாப் தானாக விழித்துக்கொண்டு பையில் சூடாகிறது என்றால், யூஎஸ்பி கன்ட்ரோலர் அதை எழுப்புகிறது என்று அர்த்தம், ஏசிபிஐ வேக்கப் பட்டியலில் (கணினியை எழுப்ப அனுமதி உள்ள பாகங்களின் பட்டியல்) எக்ஸ்எச்சி1 என்பதை அணைத்தால் நின்றுவிடும். ஃபேனுக்கு ‘எம்பிபிஃபேன்’ போடு. கேமராவுக்கு ‘ஃபேஸ்டைம்எச்டி’ என்று ஒரு டிரைவர், ஆப்பிளின் ஆவணம் எதுவும் இல்லாமல் சிலர் உட்கார்ந்து கண்டுபிடித்து எழுதியது, ஃபர்ம்வேரைத் தனியாக எடுத்துப் போட வேண்டும், வீடியோ கால் உனக்கு முக்கியமில்லை என்றால் விட்டுவிடு. ரேம் 4 ஜிபி-தான் என்றால் மின்ட்டின் இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுத்து, ரேமில் இருப்பதைச் சுருக்கி வைக்கும் இசட்ராமையும் ஆன் செய்துகொள், பிரவுசரில் டேப்களை அள்ளி வைக்காத வரை நன்றாக ஓடும்.

இப்போது அந்தப் பள்ளம். 2016, 2017 மேக்புக் ப்ரோ மாடல்களிலேயே தொல்லை ஆரம்பித்துவிட்டது, கீபோர்டும் டிராக்பேடும் யூஎஸ்பி-யை விட்டு எஸ்பிஐ என்ற வேறொரு இணைப்புக்குப் போய்விட்டன, அதற்கான டிரைவர் கெர்னலில் சேர 2019-இல் வந்த 5.3 பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2018-இலிருந்து லேப்டாப்களில் டி2 என்ற சிப் வந்தது. பார்த்தால் இன்டெல் மேக், உள்ளே கீபோர்டு, டிராக்பேட், சவுண்ட், எஸ்எஸ்டி எல்லாம் இந்த டி2-வுக்குப் பின்னால் நிற்கின்றன. சாதாரண லினக்ஸ் பென்டிரைவைப் போட்டால் திரை வரும், கீபோர்டு வராது. ‘டி2லினக்ஸ்’ என்ற குழு தனிக் கெர்னல் செய்து கொடுக்கிறது, அதை வைத்து உண்மையாகவே ஓட்டலாம், மேக்ஓஎஸ் ரெகவரிக்குப் போய் செக்யூர் பூட்டை அணைத்து, வெளி டிஸ்கிலிருந்து பூட் செய்ய அனுமதி கொடுத்து, வைஃபை ஃபர்ம்வேரை மேக்ஓஎஸ்-இலிருந்து எடுத்துப் போட வேண்டும். இத்தனையும் செய்த பிறகு ஸ்லீப் ஒழுங்காக வேலை செய்யாமல் போகலாம். கையில் ஏற்கனவே இருந்தால் முயலலாம். லினக்ஸுக்காக என்று 2018-க்கும் 2020-க்கும் இடையே வந்த இந்த டி2 மேக்கைக் காசு கொடுத்து வாங்காதே, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

எம்1-க்கு வருவோம், எனக்கு இதைப் பற்றிப் பேசினால் நேரம் போவதே தெரியாது. 2020 நவம்பரில் எம்1 வந்தபோது, ப்ராசஸர், கிராபிக்ஸ், இன்டரப்ட் கன்ட்ரோலர் வரை எல்லாமே ஆப்பிளின் சொந்தச் சரக்கு, வெளியே ஒரு வரி ஆவணம் இல்லை, இதில் லினக்ஸ் இனி வராது என்றுதான் பலரும் சொன்னார்கள். அந்த டிசம்பரிலேயே ஹெக்டர் மார்ட்டின் என்பவர் அசாஹி லினக்ஸ் என்ற திட்டத்தை அறிவித்தார். 2022 மார்ச்சில் முதல் ஆல்ஃபா பதிப்பு வந்துவிட்டது. அதே வருஷம் ஜூலை கடைசியில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 5.19 கெர்னலை இந்த ஆர்ம் வகைச் சிப் உள்ள ஒரு மேக்புக்கிலிருந்து வெளியிட்டார், அதில் ஓடியது அசாஹி. (அவருக்கு இது புதிதல்ல, 2005 வாக்கில் பவர்மேக் ஜி5-இல் லினக்ஸ் போட்டு வேலை செய்துகொண்டிருந்தவர்தான்.)

இதை எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தால் மீனாவுக்கு ரொம்பப் பிடிக்கும். எம்1என்1 என்று ஒரு பூட்லோடர் (ஓஎஸ்-ஐத் தொடங்கி வைக்கும் நிரல்) எழுதினார்கள், அதையே ஹைபர்வைசராகவும் (ஒரு ஓஎஸ்-ஐத் தன் மேல் ஓட்டிக் கவனிக்கும் நிரல்) மாற்றினார்கள். அதற்கு மேலே மேக்ஓஎஸ்-ஐ ஓடவிட்டு, அது எந்த ஹார்டுவேர் முகவரியில் என்ன எழுதுகிறது, என்ன படிக்கிறது என்பதையெல்லாம் யூஎஸ்பி கேபிள் வழியாக இன்னொரு கணினியில் பைதான் வைத்துப் பதிவு செய்தார்கள். மேக்ஓஎஸ்-இன் நிரலைப் பிரித்துப் பார்க்காமல், பக்கத்து அறையில் யார் எந்த அலமாரியைத் திறக்கிறார்கள் என்று சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்வது மாதிரி. அப்படித் தெரிந்துகொண்டதிலிருந்து டிரைவரைப் புதிதாக எழுதினார்கள். கிராபிக்ஸுக்கான கெர்னல் டிரைவர் ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது, மெசா (லினக்ஸின் கிராபிக்ஸ் நூலகம்) பக்கத்தை அலிசா ரோசன்சுவெய்க் எழுதினார். 2024-இல் அது ஓபன்ஜிஎல் 4.6, வல்கன் 1.3 என்ற கிராபிக்ஸ் தரங்கள் இரண்டுக்கும் முறையான தேர்வில் தேறிவிட்டது. மேக்ஓஎஸ்-இல் ஓபன்ஜிஎல் 4.1-ஓடு நின்றுபோனது என்பதை இதோடு சேர்த்துப் பார்.

ஸ்பீக்கர் விஷயம் இன்னும் அழகு. இந்த லேப்டாப்களின் சின்ன ஸ்பீக்கர்களை மேக்ஓஎஸ் அவற்றின் எல்லை வரை தள்ளி ஓட்டுகிறது, அதே சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தால் உள்ளே இருக்கும் சுருள் சூடேறிக் கருகிவிடும். அதனால் அசாஹிக்காரர்கள் ஒவ்வொரு மாடலையும் தனித்தனியாக அளந்து, ஸ்பீக்கருக்குப் போகும் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் ஓயாமல் பார்த்து, சுருளின் சூட்டைக் கணக்கிட்டு, எல்லை தாண்டினால் சத்தத்தைக் குறைக்கும் ஒரு நிரலை எழுதினார்கள். அது ஓடவில்லை என்றால் கெர்னல் முழுச் சத்தத்துக்கு விடாது. பாட்டு கேட்கும்போது இதெல்லாம் நடப்பதே நமக்குத் தெரியாது. இத்தனை அக்கறையோடு செய்த வேலையை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை.

நான் எம்1 ஏரில் ஃபெடோரா அசாஹி ரீமிக்ஸ் என்ற டிஸ்ட்ரோவைத்தான் வைத்திருக்கிறேன், இந்தக் கடிதமும் அதில்தான், ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியில் தமிழ்99 கீபோர்டு வைத்து அடிக்கிறேன். போடுவதற்குப் பென்டிரைவ்கூட வேண்டாம். மேக்ஓஎஸ்-இல் டெர்மினலைத் திறந்து ஒரு வரிக் கட்டளை, அது டிஸ்கில் எவ்வளவு இடம் என்று கேட்கும், மேக்ஓஎஸ்-ஐச் சுருக்கிக்கொண்டு பக்கத்தில் உட்காரும். கடைசியில் ஒரு படி மட்டும் கவனம்: கணினியை முழுதாக அணைத்துவிட்டு, பவர் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், பூட் மெனு வரும் வரை. தட்டிவிட்டு மறுபடி அழுத்தினால் வேறொரு ரெகவரி திறக்கும், அங்கே பாதுகாப்பு அமைப்பை மாற்ற முடியாது. நம் கெர்னலை ஏற்கச் சொல்லும் அனுமதி, கணினி முன்னால் உட்கார்ந்து பட்டனை அழுத்திக் கடவுச்சொல்லும் கொடுத்தவருக்கு மட்டுமே. ஐபோன் மாதிரி பூட்டிவிடாமல் ஆப்பிள் இந்தக் கதவைத் தெரிந்தேதான் விட்டிருக்கிறது, மேக்ஓஎஸ்-இன் பாதுகாப்பும் இதனால் குறையாது, ஒவ்வொரு ஓஎஸ்-க்கும் தனித்தனி அமைப்பு. மேக்ஓஎஸ்-ஐ அழித்துவிடாதே, ஃபர்ம்வேர் அப்டேட்டெல்லாம் அதன் வழியாகத்தான் வரும்.

இல்லாததையும் சொல்லிவிடுகிறேன். டச் ஐடி இல்லை. தண்டர்போல்ட் இல்லை. யூஎஸ்பி-சி வழியாக வெளித் திரையை இணைப்பது இன்னும் சோதனை நிலையில்தான். மூடி வைத்தால் மேக்ஓஎஸ்-ஐவிடக் கொஞ்சம் கூடுதலாக பேட்டரி இறங்கும். இந்தச் சிப்புகளுக்காகக் கெர்னல் 16 கேபி மெமரி பக்கங்களில் ஓடுகிறது, அதனால் ஆரம்பத்தில் பல செயலிகள் தகராறு செய்தன, இப்போது பெரும்பாலும் சரியாகிவிட்டது.

மீனாவுக்கு என்றால் என் யோசனை இது. லினக்ஸை நேரடியாக ஓட்ட வேண்டும் என்பது நிச்சயமானால் எம்1 அல்லது எம்2, பழையது ஒன்றைப் பார்த்து வாங்கு, ரேம் 16 ஜிபி-க்குக் குறையாமல், பிறகு ஏற்ற முடியாது. எம்3-இலிருந்து கிராபிக்ஸின் உள்ளமைப்பே மாறிவிட்டது, நான் எழுதும் இந்த நேரத்தில் அவற்றில் அன்றாட வேலைக்கு லினக்ஸ் தயாராகவில்லை. ஹெக்டர் 2025 பிப்ரவரியில் விலகிவிட்டார், மற்றவர்கள் சேர்ந்து நடத்துகிறார்கள், வரும், ஆனால் எப்போது என்று அவர்களே நாள் சொல்வதில்லை, அதை நம்பி இன்று பணம் போடாதே. இல்லை, எம்4 மாதிரிப் புதியதுதான் வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தால் வாங்கிக் கொடு, அதில் யூடிஎம் (மேக்ஓஎஸ்-க்குள்ளேயே இன்னொரு ஓஎஸ்-ஐ ஓட்டும் செயலி) போட்டு அதற்குள்ளே லினக்ஸை ஓட்டலாம், ஆர்ம் லினக்ஸ் அதில் நல்ல வேகத்தில் ஓடும், கல்லூரிப் பாடத்துக்கு அது தாராளம். கெர்னலை நோண்டிக் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் மட்டும் முதல் வழி.

உன் ஏரைப் பற்றி இன்னொன்று. அடியில் ஏ1466 என்று பொறித்திருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதே, 2012-இலிருந்து 2017 வரை 13 அங்குல ஏர் எல்லாவற்றுக்கும் அதே எண்தான், வைஃபை சிப் வேறுபடும். ஆப்பிள் மெனுவில் ‘அபவுட் திஸ் மேக்’ திறந்து வருஷத்தையும் ரேமையும் பார்த்து எழுது. போட்டோக்களை வெளி டிஸ்கில் எடுத்து வைத்துவிட்டு, அந்த டிஸ்க் வேறொரு கணினியில் திறக்கிறதா என்றும் பார்த்துக்கொள். அடுத்த ஞாயிறு போனில் வா, நீ பென்டிரைவைச் செருகும்போது நான் கூடவே இருக்கிறேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
செல்வம்